கூட்டமாகக் கப்பல் ஏறும் அன்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்பெனி விநியோகஸ்தர்களாகவும், சங்கத்து அங்கத்தினர்களாகவும், பெருங்குடும்பத்து உறவினர்களாகவும் நூற்றுக்கணக்கில் திரண்டு சொகுசுக் கப்பல்களில் ஏறும் அன்பர்களுக்கும், அவர்களை அழைத்துச் செல்லும் ஏற்பாட்டாளர்களுக்கும் இந்த மடல்.

உங்கள் கூட்டம் முந்நூறு பேராக இருக்கலாம், ஆயிரம் பேராகவும் இருக்கலாம். நீங்கள் ஏறுகிற கப்பலில், உங்கள் கம்பெனியையோ சங்கத்தையோ குடும்பத்தையோ சேராத வேறு மனிதர்களும், தங்கள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டணம் செலுத்தி, மூன்று நாளோ நான்கு நாளோ சமுத்திரத்தின் நடுவே நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம் என்ற ஆசையோடு ஏறியிருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்திருந்தும், பிரயாணம் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் அந்த நினைவு உங்களை விட்டு நீங்கிவிடுகிறது. கப்பல் முழுவதும் உங்களுடையது என்ற எண்ணம் உங்களை அறியாமலே உங்களிடம் குடியேறிவிடுகிறது. இதைப் பற்றிக் கப்பல் கம்பெனிகளிடம் முறையிட்டவர்கள் பலர் உண்டு; பத்திரிகைகளுக்குச் சொன்னவர்களும் உண்டு; உங்களிடமே நேராக வந்து பேசியவர்கள் அநேகமாக இல்லை. கப்பலில் வரும் மற்றப் பிரயாணிகளின் சார்பாகப் பேசவேண்டும் என்று வெகு காலமாக எனக்கு இருந்த எண்ணத்தினால் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்களுடைய சந்தோஷத்தின்மேல் எனக்கு எவ்விதத் துவேஷமும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டு முழுவதும் சிமெண்டு மூட்டைக் கணக்கும் பெயிண்டு டப்பாக் கணக்குமாகக் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு வியாபாரி, விற்பனை இலக்கை எட்டியதற்காகக் கம்பெனியின் செலவில் சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து ஒரு மாளிகை போன்ற கப்பலில் ஏறி, நாற்புறமும் நீரைத் தவிர வேறொன்றும் தென்படாத ஒரு காலைப்பொழுதை ஆயுளில் முதல் தடவையாகக் காண்பாரானால், அவர் வாய்விட்டுச் சிரிப்பதும், தோழர்களை அணைத்துக்கொள்வதும், பாடுவதும் ஆடுவதும் மனித இயற்கை. பெற்றோரின் சஷ்டியப்தபூர்த்தியைக் கடலின்மேல் கொண்டாடவேண்டும் என்று பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் ஒன்றுகூடித் திட்டமிடுவதும் போற்றத்தக்க காரியமே. கூட்டமாகப் போவதில் உள்ள தைரியமும் உல்லாசமும் தனியாகப் போகிறவனுக்குக் கிட்டுவதில்லை. ஆகையால் உங்களை வீட்டிலேயே இருக்கச் சொல்வதற்காக நான் எழுதவில்லை. உங்களால் மற்றவர்களுக்கு நேரும் கஷ்டம் எத்தகையது, அது ஏன் தரையில் நேரும் கஷ்டத்தைவிடக் கடுமையானது, அதை நீக்கும் சக்தி ஏன் வேறு எவரிடமும் இல்லாமல் உங்களிடமே இருக்கிறது என்பதை எடுத்துச் சொல்லவே எழுதுகிறேன்.

ஊர்ச் சத்திரத்தில் ஒரு பெரிய கல்யாணக் கோஷ்டி வந்து இறங்கிக் கிணற்றடியையும் திண்ணையையும் கூடத்தையும் நிறைத்துக்கொண்டால், முன்பே வந்து தங்கியிருந்த வழிப்போக்கன் தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம்; கப்பலில் அடுத்த தெரு ஏது? ஒரு சில நீச்சல் குளங்கள், ஒரே நாடகசாலை, ஒரே பெரிய போஜனசாலை, எண்ணிச் சொல்லக்கூடிய லிஃப்டுகள், கரையை விட்டுப் புறப்பட்டால் மறுபடி கரை சேரும்வரையில் இறங்கிப் போக வழியில்லாத நிலைமை. இவைதாம் கப்பற் பிரயாணத்தின் அடிப்படையான லட்சணங்கள். தனியாக வந்தவர், பிடிக்காத இடத்தைவிட்டு விலகிப் போகும் சுதந்திரத்தைக் கப்பலேறும் கணத்திலேயே கைவிட்டுவிடுகிறார். அவருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே புகலிடம் அவருடைய அறை. அதுவும் பெரும்பாலும் ஒரு கட்டிலும் ஒரு மேஜையும் கொண்ட குறுகலான அறை. ஆயிரக்கணக்கான ரூபாய் கொடுத்துக் கடலைப் பார்க்க வந்த ஒருவர் அந்த அறைக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும்படி நேருமானால், அந்த நிலைக்கு அவரைத் தள்ளியவர்கள் அவருடைய பணத்தை எடுத்துக்கொண்டவர்களைவிட எவ்விதத்தில் மேலானவர்கள் என்று எனக்கு விளங்கவில்லை.

உங்களுடைய எண்ணிக்கைக்குக் கப்பல் கம்பெனிகள் எவ்வளவு மதிப்புக் கொடுக்கின்றன என்பதை உங்கள் ஏஜெண்டுகள் நன்றாக அறிவார்கள். எட்டு அறைகளை, அதாவது பதினாறு பேருக்குரிய இடத்தை, ஒரே கணக்கில் எடுத்தாலே பல கம்பெனிகள் அதை ஒரு குழுவாகப் பதிவு செய்துகொண்டு, பதினாறு பேருக்கு ஒருவர் வீதம் இலவச இடம் அளிக்கின்றன. எட்டு அறைக்கே இந்த உபசாரம் என்றால், இருநூறு முந்நூறு அறைகளை மொத்தமாக எடுப்பவர்களுக்கு என்னவெல்லாம் கிடைக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்: உங்கள் பரிசளிப்பு விழாவுக்காக நாடகசாலை ஒதுக்கப்படுகிறது, உங்கள் கூட்டத்துக்காக ஓய்வுக்கூடம் ஒன்று பிற்பகல் முழுவதும் பூட்டப்பட்டு, வாசலில் 'தனி நிகழ்ச்சி' என்ற பலகை வைக்கப்படுகிறது, மேல்தளத்தில் உங்களுக்கென்றே ஒலிபெருக்கியும் நடனமேடையும் அமைக்கப்படுகின்றன. இந்தச் சலுகைகள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. ஒவ்வொன்றும், அதே கப்பலில் அதே நேரத்தில் அந்த இடத்தை உபயோகிக்க உரிமை பெற்ற இன்னொருவரிடமிருந்து, அவரைக் கேட்காமலே, எடுத்து உங்களுக்குக் கொடுக்கப்பட்டது. உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி உங்கள் கணக்குப் புத்தகத்தில் ஏறுகிறது. அவருக்கு நேர்ந்த நஷ்டம் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

போஜன நேரத்தைப் பாருங்கள். பெரிய கப்பல்களின் பிரதான போஜனசாலையில் இராச்சாப்பாடு இரண்டு பந்தியாக நடப்பது வெகுகால வழக்கம். அந்தி வேளையில் ஒரு பந்தி, எட்டு மணிக்குமேல் மற்றொன்று. சிங்கப்பூரிலிருந்து புறப்பட்ட ஒரு கப்பலில் நான் பிரயாணம் செய்தபோது, ஒரு வியாபார நிறுவனத்தின் கோஷ்டியார் முதல் பந்தியில் உட்கார்ந்து, பிரசங்கங்களும் பாராட்டுகளும் புகைப்படங்களுமாக எழுந்திருக்கவே மனமில்லாமல் இருந்துவிட, இரண்டாம் பந்திக்குரியவர்கள் கதவுக்கு வெளியே நெடுநேரம் நின்றார்கள். அவர்களில் சர்க்கரை வியாதிக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்த ஒரு முதியவர், மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவர், கடைசியில் யாரோ கொடுத்த ஒரு துண்டு ரொட்டியைத் தின்று சமாளித்தார். உள்ளே இருந்தவர்கள் கொடியவர்கள் அல்ல. அந்த முதியவர் அப்படி நிற்கிறார் என்று தெரிந்திருந்தால் அவர்களில் பத்துப் பேராவது ஓடி வந்து தங்கள் நாற்காலியைக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் கதவின் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. கூட்டம் செய்யும் கெடுதல் அநேகமாக இவ்விதமானதே. தன்னவர்களின் முகங்களே எங்கும் நிறைந்திருக்கையில் பிறர் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே கூட்டத்திலிருப்பவனுக்கு ஏற்படுவதில்லை.

நீச்சல் குளத்தைச் சுற்றியுள்ள சாய்வு நாற்காலிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் ஒருவர் வந்து இருபது துண்டுகளை இருபது நாற்காலிகளில் விரித்துவிட்டுப் போவதும், அந்த இருபது பேரும் பகல் பத்து மணிக்கு வந்து சேருவதும் எவ்வளவு சாதாரணமாகிவிட்டதென்றால், நாற்பது நிமிஷம் ஆள் இல்லாத நாற்காலியிலிருந்து துண்டை எடுத்துவிடும் விதி ஒன்றைக் கார்னிவல் என்னும் கப்பல் கம்பெனி கொண்டுவர வேண்டியதாயிற்று. லிஃப்டிலும், பஃபே வரிசையிலும், தீவுகளுக்கு இறங்கும் சிறுபடகுக்குச் சீட்டு வாங்கும் இடத்திலும் இதே கதைதான். ஒருவர் வரிசையில் நின்று ஐம்பது பேருக்கு இடம் பிடிக்கிறார். அவருக்குப் பின்னால் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாய் ஐம்பத்தோராவது ஆளாகிறாள்.

இவையெல்லாம் சில்லறைக் குறைகள், நாலு நாள் பொறுத்துக்கொண்டால் போயிற்று என்று நீங்கள் சொல்வீர்களானால், பொறுத்துக்கொள்ள முடியாத ஒன்றை உங்களுக்கு ஞாபகப்படுத்த விரும்புகிறேன். அது நம் தேசத்துக்கும் சம்பந்தப்பட்டது. 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், சிட்னி துறைமுகத்திலிருந்து மூன்று இரவுப் பிரயாணமாகப் புறப்பட்ட 'வாயேஜர் ஆஃப் தி சீஸ்' என்னும் கப்பலில், மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றிச் செல்லக்கூடிய அந்தக் கப்பலில், இந்தியாவின் ஒரு பான் மசாலா நிறுவனத்தைச் சேர்ந்த சுமார் 1,300 ஆண்கள் மாநாட்டுக்காக ஏறினார்கள். நீச்சல் குளத்தையும் உணவுக்கூடங்களையும் மதுக்கூடங்களையும் அவர்கள் நிறைத்துக்கொண்டார்கள் என்றும், அவர்களுடைய கேளிக்கைக்காக முயல்காது வேஷமிட்ட நடனப் பெண்கள் வரவழைக்கப்பட்டார்கள் என்றும், நீச்சலுடையிலிருந்த பெண்களையும் சிறுமிகளையும் சிலர் கைபேசியால் படம் பிடித்தார்கள் என்றும், குடும்பத்தோடு வந்தவர்கள் வெளியே வரவே கூசி அறைகளில் தங்கிவிட்டார்கள் என்றும் மற்றப் பிரயாணிகள் ஆஸ்திரேலியப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். புகார் செய்தவர்களுக்குக் கப்பல் கம்பெனி கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பணம் திரும்பி வந்தது. நாட்கள் திரும்பி வரவில்லை.

அந்த ஆயிரத்து முந்நூறு பேரில் எத்தனை பேர் தவறாக நடந்தார்கள்? நூறு பேர் இருக்கலாம், ஐம்பது பேராகவும் இருக்கலாம். எஞ்சிய ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் யோக்கியமானவர்களாகவே இருந்திருப்பார்கள் என்று நம்புகிறேன். ஆயினும், கைபேசியை உயர்த்தியவனுடைய கையைப் பற்றி, "இதை உடனே நிறுத்து" என்று அதட்டக்கூடிய ஒருவர் பக்கத்தில் இருந்தாரா என்ற கேள்வியே என்னை வாட்டுகிறது. தன் பதினான்கு வயது மகளைக் குளத்துக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்திருக்கும் ஒரு தாய், திடீரென்று எழுந்து போய் அவள்மேல் துண்டைப் போர்த்தி அழைத்துக்கொண்டு அறைக்குத் திரும்ப நேருமானால், அந்தச் சிறுமியின் மனத்தில் என்ன பதியும்? நாம் எந்த ஊர்க்காரர்கள், எந்த மொழிக்காரர்கள் என்பதையும் அவள் மறக்கமாட்டாள். தனியாக வந்த ஆண் ஒருவன் இவ்வாறு செய்யத் துணியமாட்டான். கூட்டத்தின் நிழல் இருப்பதால் துணிகிறான். அப்படியானால் அந்த நிழலைக் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பாவத்தில் பங்கு உண்டு. பக்கத்தில் நின்று சிரித்தவனுக்கும் உண்டு; பார்க்காதவன்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டவனுக்கும் உண்டு.

இது ஒரு தேசத்தாருடைய குணம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அதே 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மெல்போர்னிலிருந்து தென் பசிபிக் தீவுகளுக்குப் பத்து நாள் பிரயாணமாகச் சென்ற 'கார்னிவல் லெஜண்ட்' கப்பலில், ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்த கோஷ்டியார் சம்பந்தப்பட்ட சச்சரவு நாளுக்கு நாள் வளர்ந்து கைகலப்பாகி, கடைசியில் நியூ சவுத் வேல்ஸ் கரையிலுள்ள ஈடன் என்ற சிறு துறைமுகத்தில் கப்பல் நின்று, 23 பேர் இறக்கிவிடப்பட்டார்கள். அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு கிடந்த மற்றப் பிரயாணிகளுக்குக் கம்பெனி அளித்த பரிகாரம், அடுத்த தடவை கப்பலேறினால் 25 சதவீதம் தள்ளுபடி என்பது. அந்தக் கப்பலில் இருந்த ஜனத்தொகையில் அந்தக் குடும்பம் மிகச் சொற்பம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் விடுமுறையைக் கெடுப்பதற்குச் இருபது முப்பது பேரே போதும் என்பதை அந்தச் சம்பவம் காட்டிற்று.

"நாங்களும் பணம் கொடுத்துத்தானே வருகிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் ஒவ்வொருவரும் கொடுத்தது, அல்லது உங்களுக்காகக் கம்பெனி கொடுத்தது, ஒரு தலைக்குரிய கட்டணமே. குளத்தில் ஒருவர் குளிக்கும் உரிமை, வரிசையில் ஒருவர் நிற்கும் உரிமை, நாடகசாலையில் ஓர் ஆசனம். முந்நூறு கட்டணங்கள் சேர்ந்தால் முந்நூறு ஆசனங்களுக்கு உரிமை பிறக்கும். நாடகசாலைக்கே உரிமை பிறக்காது. தனித்தனியாக எவருக்கும் இல்லாத ஓர் அதிகாரம் எல்லோரும் ஒன்றாக வந்ததினால் மட்டும் எப்படி உண்டாகும்?

உங்களுடைய ஆரவாரத்தின் பாரம் இறுதியில் யார் முதுகில் விழுகிறது என்பதையும் சற்று யோசித்துப் பாருங்கள். கப்பலில் பரிமாறுகிறவர்களும் அறை துப்புரவு செய்கிறவர்களும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, கோவா, கேரளம் முதலிய இடங்களிலிருந்து மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள். 2006-ஆம் ஆண்டின் சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அவர்களுடைய வேலை நேரத்துக்கு விதித்திருக்கும் உச்சவரம்பே, ஒரு நாளைக்கு 14 மணி நேரம், ஏழு நாளைக்கு 72 மணி நேரம். அவ்வளவு கடுமையாக உழைக்கும் ஒருவரை, இரவு ஒரு மணிக்குமேல் தாழ்வாரத்தில் கொட்டிய மதுவைத் துடைக்கவும், இசையைக் குறைக்கும்படி உங்களிடம் கெஞ்சவும், உங்கள் வசவையும் பக்கத்து அறைக்காரருடைய வசவையும் ஒருங்கே வாங்கிக்கொள்ளவும் வைப்பது தர்மமாகாது. உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லும் நிலையில் அவர் இல்லை. நீங்கள் மனவருத்தப்பட்டால் அடுத்த ஆண்டின் வியாபாரம் போய்விடும் என்று மேலதிகாரிகள் அஞ்சுவது அவருக்குத் தெரியும்.

கப்பலேறியவர்கள் அனைவருக்கும் நடத்தப்படும் அபாயகாலப் பயிற்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2012 ஜனவரி 13-ஆம் தேதி இரவு இத்தாலியின் ஜிலியோ தீவருகே 'கோஸ்டா கான்கார்டியா' என்னும் சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்டபோது, அன்று மாலை ஏறியவர்கள் பலருக்கு இந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் புறப்படுமுன்போ புறப்பட்டவுடனோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்ற சர்வதேச விதி வந்தது. அந்தப் பயிற்சியின்போது கோஷமிட்டுக்கொண்டும், கூட்டமாகப் படம் எடுத்துக்கொண்டும், பாதுகாப்பு அதிகாரியின் குரல் மற்றவர்கள் காதில் விழாதபடி செய்துகொண்டும் நிற்பது விளையாட்டல்ல. உயிர் காக்கும் படகு எந்தப் பக்கம் என்பது பக்கத்தில் நிற்கும் கிழவிக்குக் கேட்கவேண்டும்.

கப்பல் கம்பெனிகளைக் கேட்காமல் எங்களைக் கேட்பானேன் என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். கம்பெனிகளின் குற்றம் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தனிப் பிரயாணி சீட்டு வாங்கும்போது, அவர் போகவிருக்கும் கப்பலில் பாதி இடத்தை ஒரே கோஷ்டிக்கு விற்றுவிட்ட செய்தியை அநேகமாக யாரும் அவருக்குச் சொல்வதில்லை. அவர் கையெழுத்திடும், அல்லது கையெழுத்திட்டதாகக் கருதப்படும் நீண்ட ஒப்பந்தத்தில், கப்பலின் வசதிகளையும் நிகழ்ச்சிகளையும் மாற்றும் உரிமை பெரும்பாலும் கம்பெனிக்கே வைக்கப்பட்டிருக்கிறது. கப்பல் புறப்பட்ட பிறகு அவர் வரவேற்பு மேஜைக்குச் சென்று முறையிட்டால், மன்னிப்பும் ஒரு தட்டுப் பழமும் கிடைக்கும். அவர் ஒருவர்; அவருடைய கோபத்தினால் கம்பெனிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. நீங்களோ ஒரே கையெழுத்தில் நூற்றுக்கணக்கான அறைகளை எடுப்பவர்கள். எந்த மாலை எந்தக் கூடம், எந்தப் பாட்டு, எந்தச் சாப்பாடு, சமையலில் வெங்காயம் பூண்டு சேரலாமா கூடாதா என்பதுவரையில் பேரம் பேசி எழுதி வாங்கும் வல்லமை உடையவர்கள். அவ்வளவும் எழுதி வாங்குகிற நீங்கள், உங்களைச் சேராதவர்களுக்காக ஒரு வரி எழுதி வாங்க முடியாதா? கம்பெனியிடம் பிரயாணிகள் நூறு பேர் கேட்டும் நடக்காதது, வியாபாரம் கொண்டுவரும் நீங்கள் ஒரு தடவை கேட்டால் நடக்கும். இந்த மடலை உங்கள் பெயருக்கு எழுதியதன் காரணம் முழுவதும் இதுதான்.

எண்ணிக்கை என்பது கப்பலைப் பொறுத்தது என்பதையும் உங்கள் ஏற்பாட்டாளர்கள் மனத்தில் கொள்ளவேண்டும். 2024-இல் பிரயாணத்தைத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பல் நிறைந்தால் 7,600 பிரயாணிகள் இருப்பார்கள். அதில் அறுநூறு பேர் கொண்ட கூட்டம் பன்னிரண்டில் ஒரு பங்குகூட ஆகாது, கலந்து கரைந்துவிடும். 2022 ஜூன் மாதத்தில் அப்போதைய தமிழ்நாட்டு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பிவைத்த 'எம்ப்ரஸ்' கப்பலோ, 1990-இல் கட்டப்பட்ட, ஏறக்குறைய 800 அறைகள் கொண்ட கப்பல். அந்த அளவுள்ள ஒரு கப்பலில் முந்நூறு அறைகளை ஒரே கோஷ்டி எடுத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. எஞ்சியவர்கள் அழையாத விருந்தாளிகளாகிவிடுகிறார்கள். சென்னையிலிருந்து கப்பலேறிக் கடலைப் பார்க்கலாம் என்ற வாய்ப்பு நம் நடுத்தரக் குடும்பங்களுக்குச் சமீப ஆண்டுகளில்தான் வந்திருக்கிறது. பள்ளிக்கூட ஆசிரியரும் வங்கிக் குமாஸ்தாவும் சேமித்து வைத்த பணத்தில் மனைவி மக்களோடு ஏறும் அந்த முதல் பிரயாணம், வேறு யாருடைய விழாவுக்கோ சாட்சியாக நிற்பதில் கழிந்துவிடக் கூடாது.

உங்கள் கூட்டம் மிகப் பெரியதாயின், கௌரவமான வழி ஒன்று உண்டு. கப்பல் முழுவதையும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டில் சங்கீத ரசிகர்களின் குழுக்களும் பலவகைச் சங்கங்களும் அவ்வாறே செய்கின்றன. அப்போது விடியும்வரை பாடினாலும் ஆட்சேபிக்க எவருமில்லை. அதிலும் ஒரு நிபந்தனை: முன்பே சீட்டு வாங்கியவர்களைக் கடைசி நேரத்தில் வேறு தேதிக்குத் தள்ளும் நிலை உண்டாகாதபடி, அந்தப் பிரயாணம் விற்பனைக்கு வருமுன்பே எடுத்துக்கொள்ளவேண்டும். முழுக் கப்பலுக்குப் பணம் போதாது, பாதிக் கப்பல்தான் முடியும் என்றால், பாதிக் கப்பலில் பாதிக்குரியவர்களாகவே இருக்கவேண்டும்.

அதற்கு நான் வேண்டுவது அதிகமன்று. உங்கள் விழாக்களைக் கதவுள்ள கூடங்களில் வைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் குளத்தையும் திறந்த மேல்தளத்தையும் உங்களுக்கென்று மூடும்படி கேட்காதீர்கள், கம்பெனி தானாகக் கொடுக்க முன்வந்தாலும் மறுத்துவிடுங்கள். நாடகசாலை வேண்டுமானால், மற்றவர்கள் கரையில் சுற்றிப் பார்க்கப் போயிருக்கும் பகல் வேளையைக் கேட்டு வாங்குங்கள். சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே பந்தியில் உட்காரவேண்டும் என்று பிடிவாதம் செய்யாமல் இரண்டாகப் பிரிந்து உட்காருங்கள். குறித்த நேரத்தில் எழுந்திருங்கள். முப்பது நாற்பது பேருக்கு ஒருவர் வீதம், மதுவைத் தொடாத, சொன்னால் மற்றவர்கள் கேட்கக்கூடிய பெரியவர்களைப் பொறுப்பாளர்களாக நியமித்து, அவர்களுடைய பெயரையும் அறை எண்ணையும் வரவேற்பு மேஜையில் கொடுத்து வையுங்கள். நள்ளிரவில் தூக்கம் கெட்ட ஒருவர் முறையிட்டால், ஊழியரை அனுப்பாமல் உங்களில் ஒருவரே வந்து அடக்கட்டும். அந்நியரை, முக்கியமாகப் பெண்களையும் குழந்தைகளையும், படம் பிடிப்பவன் எவனாயினும் அவனுடைய பரிசும் பதவியும் அன்றே போய்விடும் என்று புறப்படுமுன் எழுத்துமூலமாக அறிவித்துவிடுங்கள். பரிசும் பதவியும் பறிபோகும் என்று தெரிந்தால் கை தானாகவே தாழும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். இந்தத் தேதியில் இந்தக் கப்பலில் இத்தனை பேர் கொண்ட ஒரு கோஷ்டி வருகிறது, இந்த நேரங்களில் இந்த இடங்கள் அதற்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்பதை, உங்கள் பெயரை வெளியிடாமலேயே, மற்றப் பிரயாணிகள் அனைவருக்கும் கம்பெனி முன்கூட்டித் தெரிவிக்கவேண்டும். தெரிந்துகொண்டபின் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களிடம் அபராதம் எதுவும் வசூலிக்கக் கூடாது. இந்த ஷரத்தினால் உங்களுக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. ஆரவாரத்தை விரும்புகிறவர்கள் மகிழ்ச்சியோடு வருவார்கள். அமைதியை நாடுகிறவர்கள் வேறு வாரம் போவார்கள். உங்களோடு கப்பலில் இருப்பவர்கள், தெரிந்து வந்தவர்களாக இருப்பார்கள்.

அடுத்த பிரயாணத்துக்கான காகிதங்களை உங்கள் ஏஜெண்டு கொண்டுவரும்போது, அந்த ஷரத்து அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கையெழுத்திடாதீர்கள்.

இங்ஙனம்,
உங்களோடு கப்பலேறும் ஒரு தனிப் பிரயாணி